படி ஈரமாக இருந்தது

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு, உன் வாயாடி எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் குளிர் நாளில் அடம்பிடிக்கிறது. நீ, அண்ணி, பாப்பா எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவின் ஆடுகிற பல் விழுந்ததா, இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிறதா?

போன செவ்வாய்க்கிழமை சலவை ஆலையில் நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ நாலு வருஷம் வேலை பார்த்த இடம்தானே, படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. பகல் ஷிப்ட் முடியும் நேரம். இஸ்திரி உருளைகளை நிறுத்திவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நேர் எதிரே அந்த இரும்புப் படிக்கட்டு. அதன் உச்சியில் பாய்லர்காரரும் மேற்பார்வையாளரும் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாய்லரின் பாதுகாப்பு வால்வைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்களாம்.

"நாளைக்கு சோதனை பண்ண வர்றாங்க. நான் மறைக்க மாட்டேன் சார். இது வெடிச்சா கீழ இருக்கிற நாப்பது பேரும் போயிடுவாங்க" என்றார் பாய்லர்காரர்.

மேற்பார்வையாளர் இரண்டு கையையும் அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். அண்ணா, கை போனதை நான் பார்த்தேன். பதினெட்டுப் படி. கீழே சிமெண்டுத் தரை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

போலீஸ் வந்து கேட்டபோது எல்லாரும் "முதுகு காட்டி நின்னோம்" என்றார்கள். எனக்கு மட்டும் முதுகில் கண் இல்லை, முகத்தில்தான் இருக்கிறது. பார்த்ததைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு, படித்தும் காட்டினார். அன்று சாயங்காலமே மேற்பார்வையாளரைக் கைது செய்துவிட்டார்கள்.

அம்மா அன்றிலிருந்து என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. நான் செய்தது சரிதானே? ஒரு வரி எழுது.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 30

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். பாப்பாவின் பல் விழுந்துவிட்டது. அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள். பார்சல் கிடங்கில் சரக்கு வரத்து அதிகம், அதனால்தான் தாமதம். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ எழுதியதைப் படித்தேன். பாய்லர்காரர் நல்ல மனுஷன். ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். போலீஸிடம் சொல்வது வேறு, கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுச் சொல்வது வேறு. போலீஸ் எழுதியதில் நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாய். கோர்ட்டில் நின்று, "நான் அப்படிச் சொல்லவில்லை, அவர்களாக எழுதிக்கொண்டார்கள்" என்றால் முடிந்தது. உன்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிப்பார்கள். அது வெறும் வார்த்தை. அதற்காக யாரும் உன்னைத் தூக்கி உள்ளே போட மாட்டார்கள். படி ஈரமாக இருந்தது, கால் வழுக்கியிருக்கலாம் என்று சொல். சலவை ஆலையில் எந்தப் படிதான் காய்ந்திருக்கிறது?

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். உன் கடிதத்தை வழக்கம்போல அம்மாவுக்கு உரக்கப் படித்தேன். "பிறழ் சாட்சி" என்ற இடம் வந்ததும் அம்மா பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிற உனக்கு இவ்வளவு சட்டம் எங்கிருந்து வந்தது? போலீஸ் எழுதியதில் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லைதான். அதுகூட உனக்குத் தெரிந்திருக்கிறது.

மேற்பார்வையாளர் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். ஆலைக்குள் காலை வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவர் உள்ளே வருவதில்லை. கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். ஷிப்ட் விட்டு நான் வெளியே வரும்போது கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். வீடு வரை என் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டே நடக்கிறேன்.

என்னை இஸ்திரியிலிருந்து அழுக்குத்துணி பிரிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரித் துணி. ஊசி கிடந்தால் கையில் ஏறும். காரணம் கேட்டேன். "ஆள் பற்றாக்குறை" என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல்.

பாய்லர்காரரின் மனைவி வந்திருந்தாள். அழவில்லை. "நீ ஒருத்திதான் இருக்கே" என்று மட்டும் சொன்னாள்.

படி அன்று காய்ந்திருந்தது, அண்ணா. நான்தான் மதியம் துடைத்தேன்.

தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகத்தையும் அம்மா சுகத்தையும் எழுது.

இங்கே கிடங்குக்குப் பக்கத்தில் ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். அண்ணி விசாரித்துவிட்டாள். வீட்டில் ஒரு அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த மாதமே கிளம்பி வந்துவிடு. ஊர் மாறிய சாட்சியைத் தேடிப் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒன்றிரண்டு வாய்தா போனால் அவர்களே விட்டுவிடுவார்கள்.

யோசித்துக்கொண்டு இருக்காதே. வா.

அண்ணன்


ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் நலம். ஒழித்து வைத்த அறையில் பாப்பா விளையாடட்டும். நான் வரவில்லை.

சம்மன் வந்துவிட்டது. முதல் இரண்டு தடவை வீணாகப் போய் வந்தேன். முதல் தடவை நீதிபதி விடுப்பு. இரண்டாம் தடவை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சலாம். ஒவ்வொரு தடவையும் காலையிலிருந்து மூன்று மணி வரை தாழ்வாரத்தில் காத்திருந்தேன். மேற்பார்வையாளரும் அதே தாழ்வாரத்தில், அதே நீள நாற்காலியின் மறு முனையில். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அரசுத் தரப்பு வக்கீல் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். கட்டுக் கட்டாகக் கோப்புகளைத் துணிப்பையில் போட்டுச் சுமக்கிறார். ஒரே நாளில் ஒன்பது வழக்காம். "நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லாதே. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. எனக்கு உதவி பண்றேன்னு ஒரு வார்த்தை கூடுதலா சேர்த்தே, அங்கேயே பிடிச்சுக் கிழிச்சிடுவாங்க" என்றார்.

மூன்றாம் தடவை கோர்ட் நடந்தது. முதலில் கூப்பிட்டது ஆலையில் என்னோடு வேலை பார்க்கும் மடிப்பு மேஜை அக்காவை. அவளும் போலீஸிடம் கொஞ்சம் சொல்லியிருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கூண்டில் ஏறி, "நான் எதையும் பார்க்கலீங்க. போலீஸ்ல எதுவும் சொல்லலீங்க" என்றாள். வக்கீலம்மா ஒரு வினாடி கண்ணை மூடித் திறந்தார். பிறழ் சாட்சியாக அறிவிக்கச் சொல்லி நீதிபதியிடம் கேட்டு, தான் கூப்பிட்ட சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்தார். அக்கா எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. இறங்கி வந்து என்னைத் தாண்டிப் போகும்போது அவள் புடவைத் தலைப்பு என் கையில் உரசியது. தலையை நிமிர்த்தாமல் நடந்தாள். திறந்த கதவுக்கு வெளியே அடுத்த முறைக்குக் காத்திருந்து எல்லாவற்றையும் கேட்ட எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நேரமாகிவிட்டது என்று என்னை ஜூன் 2-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். தைரியமாக ஒரு வார்த்தை எழுது அண்ணா.

தங்கை


மே 6

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் யார்? ஒல்லியாக, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்பவரா? அவராக இருந்தால் கவனம். முதலில் அன்பாகப் பேசுவார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்ட பிறகு கேட்பதுதான் கேள்வி.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள். மருத்துவச் சான்று வாங்கிக்கொள்ளலாம். உனக்கு அவர்களைத் தெரியாது. நீ சின்னப் பெண்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படிக்க வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 3

அண்ணனுக்கு,

கண்ணாடி துடைக்கிறவர்தான். தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார்.

வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் பார்த்ததைச் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சுருக்கெழுத்துக்காரர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடிக்காரர் எழுந்தார்.

"உருளைகளுக்கு மேல எப்பவும் ஆவி மூட்டமா இருக்குமேம்மா?"

"இருக்கும் சார்."

"பதினைந்து அடி தள்ளி, ஆவிக்கு அந்தப் பக்கம், கை தள்ளினதா, கால் வழுக்கினதான்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"ஷிப்ட் மாறும்போது உருளையை நிறுத்தித் துடைப்போம் சார். நிறுத்திப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஆவி இல்லை."

நீதிபதி அதைத் தன் கையாலேயே குறித்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உங்க அண்ணன் இதே ஆலையில வேலை பார்த்தாரா?"

"பார்த்தார்."

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, என் கட்சிக்காரர் ஒரு தொழிலாளியை அடிச்சுக் கண்ணைக் குருடாக்கினார்னு ஒரு வழக்கு. அதுல கண்ணால் பார்த்த ஒரே சாட்சி உங்க அண்ணன். தெரியுமா?"

"தெரியாது சார்."

"அந்த வழக்குல உங்க அண்ணன் சத்தியம் பண்ணிட்டுச் சொன்னதைப் படிக்கட்டுமா?" படித்தார். "'நான் எதையும் பார்க்கவில்லை. தாமதமாக வந்ததற்காக மேற்பார்வையாளர் என்னைத் திட்டினார். அந்தக் கோபத்தில் போலீஸிடம் அவர் பெயரைச் சொல்லிவிட்டேன்.' ஆக, இவர்மேல பொய்ப் புகார் சொல்றது உங்க குடும்பத்துக்கு வழக்கம். அண்ணன் விட்டதை நீங்க முடிக்க வந்திருக்கீங்க. சரிதானே?"

நான் "இல்லை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லும்படி நீதிபதி சொன்னார். மறுபடி சொன்னேன். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது நான் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆலையில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஆறு வருஷம் அவர்களோடு நின்று வேலை பார்த்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

வெளியே வந்ததும் வக்கீலம்மா என்னைச் சுவரோரம் நிறுத்தினார். "பழைய வழக்கைப் பத்தி நான் வாயே திறந்திருக்க முடியாது. விடுதலையான வழக்கைக் காட்டி ஒரு ஆளைக் கெட்டவன்னு சொல்லச் சட்டம் விடாது. இப்ப உன்னைப் பொய்க்காரியாக்க அவங்களே அந்தக் கதவைத் திறந்துட்டாங்க. உங்க அண்ணன் வரவே மாட்டார்ங்கிற நம்பிக்கையில திறந்திருக்காங்க. அவரைச் சாட்சியா கூப்பிட நான் மனு போடலாம். ஆனா அன்னைக்குச் சொன்னது பொய்ன்னு அவர் ஒத்துக்கிட்டா, பொய்ச்சாட்சிக்கு அவர்மேலேயே வழக்கு வரும். பழைய வழக்குல மேற்பார்வையாளரை மறுபடி விசாரிக்கவும் முடியாது. அது முடிஞ்சது முடிஞ்சதுதான். இதையும் சொல்லாம உன்னை அனுப்பக் கூடாது" என்றார்.

நான் உன்னை வரச் சொல்லவில்லை. நீ அன்று பார்த்தாயா, இல்லையா? அது மட்டும் தெரிய வேண்டும்.


ஜூன் 24

அண்ணனுக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகிறார். அடுத்த வாய்தா ஜூலை 14.

அம்மா ஒருவழியாக வாயைத் திறந்தாள். கீழே உள்ளது அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை.

"ராசா, அம்மா பேசுறேன். அன்னைக்கு நீ கோர்ட்டுக்குப் போக மாட்டேன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. அப்பா செத்து ஆறு மாசம்கூட ஆகலை. நான்தான் உன் கையை எடுத்துவிட்டேன். ஒரு வார்த்தைதானடா, சொல்லிட்டு வந்துடுன்னு சொன்னது நான்தான். உன் தங்கச்சி உன்னைக் கோவிச்சுக்கிறா. அவ கோவம் என்மேல வரவேண்டியது. அதைச் சொல்லத்தான் எழுதச் சொன்னேன். சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கோ."

அவ்வளவுதான். சொல்லி முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

தங்கை


ஜூலை 1

அன்புள்ள தங்கைக்கு, அம்மாவுக்கும் சேர்த்து எழுதுவது. இதை உரக்கவே படி.

பார்த்தேன்.

என்னோடு மடிப்பு மேஜையில் நெட்டை என்று ஒருவன் இருந்தான். நல்ல உயரம், ஆலையிலேயே எனக்கு இருந்த ஒரே நண்பன். சலவை டிரம்மில் விரிப்பு சிக்கிக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கைவிட்டு எடுக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். "நிறுத்துங்க சார், எடுக்கிறேன்" என்றான் நெட்டை. ஈரத்துணி இழுக்கும் இரும்புக் கொக்கி அவர் கையில் இருந்தது. நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். வலது கண்.

அன்றே போலீஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைப் போலவே. வழக்கு வருவதற்கு முந்தின வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருடைய சகலைக்கு இந்த ஊரில் ஒரு பார்சல் கிடங்கு இருக்கிறது, படித்த பையன் வேண்டும் என்றார். பேப்பரில் விளம்பரம் பார்த்து வந்த வேலை என்று உனக்குச் சொன்னோமே, அந்த வேலை இதுதான். பேசிவிட்டு எழுந்தபோது, "உங்கம்மா தினமும் நம்ம கேட்டு வழியாத்தானே நடந்து போறாங்க?" என்றும் கேட்டார். அதில் எது என்னை அசைத்தது என்று பன்னிரண்டு வருஷமாக எனக்கே நான் கேட்டுக்கொள்கிறேன். அம்மா கையை எடுத்துவிட்டாள் என்பது நிஜம். ஆனால் கோர்ட் படியேறிப் போனது என் கால்.

கூண்டில் நான் பேசியபோது நெட்டை கண்ணில் கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தான். மற்றொரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அன்று நிஜத்தைச் சொல்லியிருந்தால் பாய்லர்காரர் இன்று உயிரோடு இருப்பார். உன் முதல் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். அதனால்தான் பல்லையும் தீப்பெட்டியையும் பற்றி எழுதினேன்.

நேற்றுதான் அண்ணியிடம் சொன்னேன். தூங்குகிற பாப்பாவைப் போர்த்திவிட்டு வந்தாள். பிறகு, "பாப்பா பெரியவளாகி யார் மூலமாவது கேக்குறதுக்குள்ள, நீங்களே முடிச்சுடுங்க" என்றாள்.

பதினாலாம் தேதி கோர்ட் எத்தனை மணிக்குத் தொடங்கும்? வக்கீலம்மாவிடம் மனுப் போடச் சொல்.

அண்ணன்


ஜூலை 19

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை ரயிலில் சாப்பிட்டேன். அன்று உன்னோடு நாலு வார்த்தை பேசக்கூட நேரமில்லை. உன்னை மறுபடி கூப்பிடக்கூடும் என்று வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

வாயைத் திறப்பதற்கு முன்பே நீதிபதி என்னை நிறுத்தினார். "நீங்கள் சொல்லப்போவது உங்கள்மீதே வழக்காகத் திரும்பலாம். புரிகிறதா?" என்றார். புரிகிறது என்றேன். இரண்டு கையாலும் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். சொன்னேன்.

கண்ணாடிக்காரருக்கு முடி நரைத்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னது சார்."

"சத்தியம் பண்ணிட்டு ஒரு தடவை பொய் சொன்னவர் இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா?"

"அன்னைக்குப் பொய் சொன்னதுக்கு எனக்கு வேலை கிடைச்சுது. இன்னைக்கு நிஜம் சொன்னதுக்கு அதே வேலை போகும். நீங்களே பார்த்துக்குங்க சார்."

அதற்குமேல் அவர் அதிகம் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்வரிசையில் இருந்த முதலாளி எழுந்து வெளியே போனார். நான் ஊர் திரும்புவதற்குள் வேலை போயிருந்தது. மேஜை இழுப்பறையில் இருந்த என் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கிடங்கு வாசலில் வைத்திருந்தார்கள். பரவாயில்லை, தேடிக்கொள்கிறேன்.

நெட்டை வந்திருந்தான். வக்கீலம்மா சொல்லி அனுப்பினாராம். நான் இறங்கி வந்தபோது மாடிப்படி அருகில் நின்றான். எத்தனையோ வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவன்தான் கேட்டான்.

"உனக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணு. பொண்ணு."

"ம்" என்றான். கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கிப் போய்விட்டான்.

அவன் மன்னித்தானா என்று அண்ணி கேட்கிறாள். தெரியவில்லை என்றேன்.

அண்ணன்


செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணனுக்கு, உன் வாயாடி எழுதுவது.

நாங்கள் நலம். அண்ணியும் பாப்பாவும் நலம்தானே? மரக்கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது கேட்டு அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

நேற்று தீர்ப்பு. குற்றவாளி. பத்து வருஷம். நீதிபதி முக்கால் மணிநேரம் வாசித்தார். உன் சாட்சியம் இந்தக் குற்றத்தை நிரூபிக்காது, ஆனால் குடும்பப் பகை என்று எதிர்த்தரப்பு கட்டிய கதை அதனால் நிற்கவில்லை, ஆகவே என் சாட்சியத்தை நம்புவதாகச் சொன்னார். மேல்முறையீடு செய்யப் போகிறார்களாம். "அங்கேயும் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, வக்கீலம்மா துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வழக்குக்கு ஓடினார்.

எல்லாரும் போன பிறகும் பாய்லர்காரரின் மனைவி உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்தில் போய் அமர்ந்தேன். "கடைசியா அவர் என்ன பேசினாரு? இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். "நாப்பது பேருன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஆலையில் என்னை இன்னும் அழுக்குத்துணி அறையில்தான் வைத்திருக்கிறார்கள். மடிப்பு மேஜை அக்கா போன வாரம் தன் கையுறையை என்னிடம் கொடுத்தாள். வாங்கி மாட்டிக்கொண்டேன்.

பொய்ச்சாட்சி வழக்கில் உனக்கு வந்த நோட்டீசைப் பற்றி எழுதியிருந்தாய். வக்கீலம்மாவிடம் கேட்டேன். நீயாக வந்து ஒப்புக்கொண்டதைக் கணக்கில் எடுப்பார்கள், ஆனால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உள்ளே போக வேண்டியும் வரலாம். அதை உன்னிடம் மறைக்கவில்லை. அம்மாவிடமும் மறைக்கவில்லை. அப்படி வந்தால் அண்ணியும் பாப்பாவும் இங்கே வந்துவிட வேண்டும். அறையை ஒழித்துவிட்டோம்.

உன் வழக்கு வருகிற நவம்பர் 5-ஆம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவும் வருகிறாள், முழங்காலோடு. நீ கூண்டில் ஏறியதும் நீதிபதியைப் பார்ப்பதற்கு முன் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பு. முதல் வரிசையில் உட்கார்ந்திருப்போம்.

அன்புடன்,
தங்கை